கெட்டு என்றால் ஒல்லி

புதுச் சேலையின் மடிப்பைப் பிரிக்கும்போது வரும் அந்தக் கஞ்சி வாசம்... கண்டி டவுனில் நான் வேலை செய்த துணிக்கடை முழுக்க அதுதான். வெறும் வயிற்றில் முகர்ந்தால் குமட்டும். எனக்குத் தினமும் குமட்டியது.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். வயது இருபத்திரண்டு. புதுச் சேலை வந்தால் முதலில் என் மேல்தான் சுற்றிக் காட்டுவார்கள். கடை முதலாளியம்மா சிங்களவர். வாடிக்கையாளர்கள் முன்னால் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நங்கி கெட்டுயி, லஸ்ஸனயி" என்பார். தங்கச்சி ஒல்லி, அழகு என்று அர்த்தம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போலிருக்கிறது இப்போது.

பாராட்டு கிடைக்கக் கிடைக்கச் சாப்பாட்டைக் குறைத்தேன். பாதி நாள் பால் சேர்க்காத வெறும் பிளேன்டீதான். கேட்டால் "விரதம்". திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு... சாமிக்கா பஞ்சம்? ஒருத்தரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பக்தியான பிள்ளை என்று பெயர் வேறு! அம்மா போனில் "சாப்ட்டியாம்மா?" என்றால், "சோறு, பருப்பு, கீரை எல்லாம் சாப்ட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மாதவிடாய் நின்றது. முடி கொட்டியது. அதற்கும் ஏதோ எண்ணெய் வாங்கித் தேய்த்தேன், புத்தி கெட்டவள். கடைசியில் ஒரு நாள் சேலைக் கட்டோடு மாடி ஏறும்போது கண் இருட்டி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த நர்ஸ், பக்கத்தில் நின்றவரிடம் "ஹரி கெட்டுயி" என்றார். ரொம்ப ஒல்லி என்றுதான் சொன்னார். ஆனால் தோட்டத்திலிருந்து அப்போதுதான் ஓடி வந்திருந்த அம்மாவின் காதில் அது தமிழாக விழுந்துவிட்டது.

"என்னாங்க சொல்றாங்க... எம்புள்ளைக்கு நெஞ்சு கெட்டுப்போச்சா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போனது. "கெட்டுன்னா ஒல்லின்னு அர்த்தம்மா, சும்மா இருங்க" என்று அதட்டினேன்.

அங்கே நின்ற யாழ்ப்பாணத்து டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மா சொல்லுறது சரிதான். சாப்பாடில்லாமல் உடம்பு தன்ர தசையையே திண்டிருக்கு. இதயமும் தசைதானே... மெலிஞ்சு போச்சு. பயப்பிடாதேங்கோ, ஒழுங்காச் சாப்பிட்டா தேறும்."

மறுநாளே அம்மா கோழிக்குழம்போடு பெரிய பார்சல் சோறு கொண்டு வந்தார். நர்ஸ் தடுத்துவிட்டார். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று அள்ளிப் போட்டால் இதயம் தாங்காதாம். மகளுக்குச் சோறும் கொடுக்கக் கூடாதா என்று அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்குக் காரணம் நான். இதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ரத்தம் சோதித்துச் சோதித்து, அரைக் கோப்பைக் கஞ்சியில் ஆரம்பித்தார்கள். பிறகு அவித்த முட்டை, பருப்பு, மீன், நாலு வாய் சோறு... ஒவ்வொரு வாய்க்கும் சண்டை. தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அவர் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்துவார். மாதக்கணக்கில் இப்படி. கடைசி ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இப்ப உங்கட இதயம் வடிவா வேலை செய்யுது" என்றபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஸ்கேனைத்தான் கும்பிட்டார்.

நேற்று அந்தக் கடைக் காலத்துப் படம் ஒன்றைத் தோழி ஒருத்தி பேஸ்புக்கில் போட்டிருந்தாள். கீழே வரிசையாக... "அப்ப எவ்வளவு அழகா இருந்த! இப்ப ஊதிட்டியேடி!"

வந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடை மூடும் நேரம் கூட வேலை செய்த நாலு பெண்களோடு சேலை மடித்தபடி சிரித்த சிரிப்பு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தியாவது "ஏன்டி, நெசமாவே விரதமா?" என்று கேட்டிருக்கலாமே!

அழகாம். அந்தப் படத்தில் நிற்பவள் செத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஹந்தானை மலை ஏற்றத்தை நடந்தே ஏறினேன். பாதி வழியில் நெஞ்சு படபடவென்று அடித்தது. நல்லா அடி என்று விட்டுவிட்டேன்.