நான்கு நிறம் பூசிய சக்கரம்

எனக்கு வண்டி என்றாலே பயம். இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலமெல்லாம் போய்விட்டது. ஓசூரில் மெத்தையும் பெட்ஷீட்டும் விற்கிறவன் நான். மெத்தை வியாபாரிக்கு வீரம் எதற்கு? பெங்களூர் லாரி ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் போதும், முன் சீட்டில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கை மிதிப்பேன். ஓட்டுகிறவள் என் மனைவி. அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவள் அத்தா. என் மாமனார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் வெல்டிங் வைத்தால் ஒட்டிய இடம் இரும்புக்கே தெரியாது என்று மூக்கண்டப்பள்ளியில் சொல்வார்கள். அவரிடம் ஒரு பத்மினி கார் இருந்தது. அவர் மௌத்தானதும் அது வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அப்படியே நிற்கட்டும் என்றுதான் நான் துஆ செய்துகொண்டிருந்தேன்.

கொழுந்தியாளுக்குத் தேன்கனிக்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நாள் குறித்த அன்றைக்கே மனைவி சொல்லிவிட்டாள்.

"நிக்காஹ் முடிஞ்சதும் தங்கச்சி அத்தா கார்லதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவா. நான்தான் ஓட்டுவேன். நீங்க முன்னாடி உக்காருங்க."

தேன்கனிக்கோட்டை ரோடு எனக்குத் தெரியும். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரே வரும். உள்ளே போகப்போக யானை வேறு. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

எஞ்சின் சரியானது, பிரேக் மாற்றியாயிற்று, பாடிக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. கடைசியில் மிஞ்சியது சக்கரம். டயரைச் சொல்லவில்லை, டயர் மாட்டியிருக்கும் இரும்பு வட்டைச் சொல்கிறேன். அதற்கு என்ன நிறம் என்பதில் அக்கா தங்கைக்குள் பெரிய தகராறு. போட்டோவில் பளபளவென்று தெரிய வேண்டும், குரோமியம் பூசலாம் என்றாள் கொழுந்தியாள். இல்லாவிட்டால் தங்க நிறம். மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"கார் வந்தப்ப என்ன கலர் இருந்துச்சோ அதான்."

"அது என்ன கலர்னு உனக்கே தெரியாதேக்கா. அத்தாதான் மாத்திக்கிட்டே இருந்தாரே."

அது உண்மை. மாமனார் காரின் உடம்பைத் தொடவே மாட்டார், சக்கரத்துக்கு மட்டும் நிறம் மாற்றுவார். நான் கல்யாணமாகி வந்தபோது கறுப்பு. அப்புறம் மெரூன். கடைசியில் சில்வர். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பொம்பளைங்க வளையல் மாத்துற மாதிரி அத்தா வீலு மாத்துறாரு என்று மனைவியே கிண்டல் செய்வாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மனைவி ஒரு சக்கரத்தைக் கழற்றி, உப்புத்தாளை நனைத்து ஓரமாகத் தேய்த்தாள். சில்வருக்கு அடியில் மெரூன், அதற்கு அடியில் கறுப்பு. அதையும் தேய்த்தபோது பால் ஏடு போன்ற ஒரு வெளிர் நிறம் வந்தது. அதுதான் கம்பெனி நிறம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்தியாளும் வாயை மூடிக்கொண்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கலரெல்லாம் சரி, வீலு தாங்குமா?" இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எப்போதும் பார்க்கிற அதே பார்வைதான்.

பவுடர் கோட்டிங் பட்டறை ஒன்றில் நான்கு சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் கொடுத்தோம். பழைய பெயிண்டை மணல் பீய்ச்சி உரித்துவிட்டு, புது நிறத்தைத் தூளாகத் தூவி அடுப்பில் வைத்து எடுப்பார்கள். ஷேடு அட்டையில் தேடித் தேடி மனைவி அந்தப் பால் ஏட்டு நிறத்தை எடுத்துக் கொடுத்தாள். பளபளப்பு வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும் என்றாள். மறுநாளே பட்டறைக்காரர் போனில் கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "மேடம், ஸ்வல்ப வந்து பாத்துட்டுப் போங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க."

என்னையும் கூப்பிட்டதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பினேன். என்னைக் கூப்பிட்டு யாரும் நல்ல சேதி சொன்னதில்லை.

உரித்த சக்கரங்கள் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பட்டறைக்காரர் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வெயிலில் வைத்தார். நட்டு மாட்டும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் கோடு. தேய்த்து மட்டமாக்கியிருந்தது, விரல் வைத்தால்தான் தெரிந்தது. அதை ஒட்டி இன்னொன்று, அதற்கு அந்தப் பக்கம் இன்னும் ஒன்று.

"ஒரே தடவ வெச்சது இல்ல மேடம். மூணு தடவ உடைஞ்சிருக்கு, மூணு தடவ ஒட்டியிருக்காங்க. வேலை ரொம்ப சுத்தம். ஆனா வீலுக்கு இப்படி வெல்டிங் வெக்கக் கூடாது. பக்கத்துல இருக்கற இரும்பு விட்டுடும்." பிறகு பேனா முனையால் தொட்டுக் காட்டினார். கடைசிக் கோட்டின் ஓரத்தில் தொடங்கி ஓட்டைவரைக்கும் முடி அளவுக்கு ஒரு விரிசல். "இத நான் கோட்டிங் போட்டுத் தரமாட்டேன். போட்டா அழகா மறைஞ்சிடும்."

மூன்று தடவை. கறுப்பு, மெரூன், சில்வர். எனக்கே அது புரிந்துவிட்டது, அவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு சக்கரத்தில் வெல்டிங் வைத்த இடம் தெரியக்கூடாது என்று நான்கையும் சேர்த்துப் பூசியிருக்கிறார் மனுஷன். புது வட்டு தேடாமல் தன் கையை நம்பியிருக்கிறார். ஊரே மெச்சிய கை, அவர் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்? அந்தச் சக்கரத்தின் மேல் நாங்கள் எத்தனை தடவை கிருஷ்ணகிரி போயிருக்கிறோம், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. அதை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், எனக்கு வந்தது.

மனைவி அந்த வெல்டிங் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தா கைதான்" என்றாள்.

அந்தச் சக்கரத்தைப் பட்டறைக்காரரே அறுத்துப் போட்டுவிட்டார். பெங்களூரில் பழைய சாமான் கடையில் அதே மாதிரி வட்டு ஒன்று கிடைத்தது. மற்ற சக்கரங்களோடு அதையும் சேர்த்துச் சாயம் விட்டு விரிசல் பார்க்கும் சோதனை செய்து, ஒன்றிலும் குறை இல்லை என்றார் பட்டறைக்காரர். பால் ஏட்டு நிறத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. மாட்டிப் பார்த்தால் கார் புதுசாய் வந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. இனி பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் மனைவி அந்தக் காரை எடுக்கவே இல்லை. நிக்காஹ் நெருங்க நெருங்க, சமையல்காரர், பூக்காரர் என்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். வாடகைக் கார் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் பூக்காரருக்குப் போன் போட்டாள்.

நிக்காஹ் அன்று விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்தேன். பக்கத்தில் அவள் இல்லை. வெளியே வந்தால் தார்ப்பாய் மட்டும் மடித்து வைத்திருந்தது. காரைக் காணோம். போன் போட்டேன், அது சமையலறை அலமாரியில் அடித்தது.

அந்தக் காலை நேரத்தை நான் மறக்க மாட்டேன். தொழுகையில் ஓதினது மனசில் ஏறவில்லை. வாசலுக்கும் ரோட்டு முனைக்கும் நடந்தேன். ஷிப்ட் பஸ் போனது, பால் வண்டி போனது, தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. அது எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புதுசாய் வந்த வட்டும் பழைய இரும்புதானே, அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? மருதாணிக் கையோடு வந்த கொழுந்தியாள் "அக்கா எங்க மச்சான்?" என்று கேட்டாள். பூ வாங்கப் போயிருக்கிறாள் என்று பொய் சொன்னேன்.

வெயில் ஏறிய பிறகு கார் வந்தது. சக்கரமெல்லாம் செம்மண். மனைவி இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கத்த வேண்டும் என்று ஓடினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கதவை மெதுவாகத் திறந்தேன். அப்படி ஒரு முகத்தை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"தேன்கனிக்கோட்டை வரைக்கும் போயிட்டு வந்தேங்க. பள்ளத்துலல்லாம் வேணும்னே இறக்கிப் பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒவ்வொரு தடவ கலர் மாத்தும்போதும் அத்தா யாரையும் ஏத்திக்காம தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வருவாரு. பந்தா காட்டப் போறாருன்னு சிரிப்போம். இப்பத்தாங்க தெரியுது. போற வழியெல்லாம் எனக்கு அவ்ளோ பயம்."

அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் கொழுந்தியாள் சரிகை முக்காட்டோடு பின் சீட்டில் ஏறினாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிப்பர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. என் காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணச் சாப்பாட்டில் உப்பு குறைந்ததைப் பற்றித் தேன்கனிக்கோட்டை வரும்வரை பேசிக்கொண்டே போனேன்.