நிறுத்தத் தெரியாத குரல்

என் அண்ணி அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தங்கை நான் இருக்கிறேன் என்பான் அண்ணன்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இயங்குதளம். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். அண்ணி எழுதுவது லைப்ரரி; புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை, மென்பொருள் லைப்ரரி. ஒரு வேலையை அதில் செய்து வைத்துவிட்டால் மற்ற மென்பொருள்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். அது எந்த இயங்குதளத்திலும் ஓடியாக வேண்டும், அதில்தான் அண்ணிக்கு அப்படியொரு பிடிவாதம்.

கடைசியாக அவர் எழுதியது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் லைப்ரரி. என் தம்பிக்காக. அவனுக்குக் கண் தெரியாது. ஒரு பேருந்து அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் அவனால் சமாளிக்க முடியும் என்று காட்டினால் போதும். அதில் ஓடுவதோ மூன்றாவது வகை இயங்குதளம்.

குரல் என்னுடையது. அண்ணி மூன்று நாள் என்னை வாசிக்க வைத்துப் பதிவு செய்து, வெட்டி ஒட்டியிருந்தார்.

"வேற குரலே கிடைக்கலையா அண்ணி?" என்றான் தம்பி.

"கேட்டதும் வந்து உக்காந்தது இவ மட்டும்தான்."

"அப்புறம் எந்திரிக்கவே இல்ல," என்றான் அண்ணன்.

புதன்கிழமை எல்லோரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். என் குரல் கணீரென்று வாசித்தது. போன் அடித்தது. தம்பி நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். குரல் நிற்கவில்லை. பேருந்து நேரம், விடுமுறைப் பட்டியல், தீயணைப்பு விதிகள் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நானே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

மேலாளர் அம்மா காதிலிருந்து கையை எடுத்தார். "இது பேசிட்டே இருந்தா போன்ல இருக்கிறவங்க பேசுறது எப்படிக் கேக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா நாங்க வேற ஆள் பாக்கணும்."

"கரண்டைப் புடுங்கினா இவ நிப்பான்னு இத்தனை வருஷம் தெரியாம போச்சே," என்றான் அண்ணன் வழியில். தம்பி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம வீட்டுது ரெண்டும் தாராளம். லைப்ரரிக்குள்ள எது இருந்தாலும், கேட்டா எடுத்துக் குடுத்துடும். ஆபீஸ்ல இருக்கிறது கறார். வெளிய குடுக்கலாம்னு நாம குறிச்சு வெச்சதை மட்டும்தான் குடுக்கும். பேசுறதைக் குறிச்சேன். நிறுத்துறதைக் குறிக்காம விட்டுட்டேன்."

"உங்களுக்குப் போயி எப்படி அண்ணி மறந்துச்சு?"

அண்ணி கொஞ்சம் தயங்கினார். "அதை எழுதுறப்ப நீ பக்கத்துல உக்காந்து பேசிட்டிருந்த."

திருத்தம் ஒரே ஒரு வரிதான். நான் அன்று மாலை நான்கு மணி வரை வாயே திறக்கவில்லை. எனக்கு உடம்புக்கு என்னவோ என்று வீடே பயந்துபோனது.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மேலாளர் அம்மா. என் குரல் வாசிக்கத் தொடங்கியது. போன் அடித்தது. தம்பி பொத்தானை அழுத்தினான். குரல் பாதி வார்த்தையில் சட்டென்று நின்றது.

"வணக்கம், சொல்லுங்க," என்றான் தம்பி போனில். முதல் பேருந்து எப்போது என்று யாரோ கேட்டார்கள் போல. போனைக் காதிலிருந்து சற்று விலக்கி இன்னொரு பொத்தானை அழுத்தினான், கம்ப்யூட்டருக்குள் இருந்த நான் நேரத்தைச் சொன்னேன், மறுபடி நிறுத்திவிட்டு அவருக்குச் சொன்னான்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க," என்றார் மேலாளர் அம்மா.

பேச்சின் நடுவே யாராவது என்னை நிறுத்தினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்று அழுகைதான் வந்தது, சிரிப்போடு சேர்ந்து. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார், வழக்கம்போல ஒன்றும் பேசாமல். நானும் பேசவில்லை.