மனம் திறக்கும் திங்கட்கிழமை

என் மனைவி வேலை பார்க்கும் மேஜைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே நான்கடி இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து இரண்டு வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. வீடு ஒரே அறை என்பதால் அவளுடைய அலுவலகம் முழுவதும் என் காதுக்குள்தான் நடக்கிறது.

இணையத்தில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால் புகார் எழுதுகிறார்கள் அல்லவா, அதைப் படித்துத் தீர்த்துவைக்கும் குழுவில் இருக்கிறாள். எட்டுப் பேர், ஆறு நாடுகள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் வேலையை முடிக்கும்போது அடுத்தவருக்கு ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போவார். இவளுக்கு முந்திய ஆள் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர். புகாரோடு வந்த இந்தப் படம் பழையது ஏமாந்துவிடாதே, இந்த அம்மாள் போனில் அழுதார் முதலில் இவருக்குப் பதில் எழுது என்று இரண்டே வரி எழுதுவார். நான்கு வருடத்தில் ஒன்றுகூடத் தப்பானதில்லை. அவருடைய பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வீட்டில் அவர் குறிப்புக்காரர். அவருக்கு மீசை உண்டா இல்லையா என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதிவிட்டால் மறுபடி சரிபார்க்க மாட்டாள். மாத்திரை போட்டாயிற்றா என்று என்னிடம் மூன்று முறை கேட்கிறவள்!

என்னைக் கேட்டால் நம்பிக்கை என்பது அதுதான். நிர்வாகத்துக்கு அது போதவில்லை. புதிதாக வந்த மேலாளர் திங்கட்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ‘மனம் திறப்போம்’ என்றொரு கூட்டம் வைத்தார். பல நாட்டு ஆட்களாம், அதனால் நம்பிக்கை வளரவில்லையாம். கேமராவைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சொந்தக் கதை சொன்னால் வளர்ந்துவிடுமாம். ஒருவர் தன் விவாகரத்தைச் சொன்னார். ஒருத்தி செத்துப்போன நாயை நினைத்து அழுதாள். சொல்லி முடித்ததும் திரை முழுக்கச் சிவப்பு இதயங்கள் மிதக்கும். என் மூத்திரப் பையை மாற்றும்போது ஒரு நாளும் முகம் சுளிக்காதவள், அந்த இதயங்களைப் பார்த்துச் சுளித்திருக்கிறாள்.

கேமராவைப் போட்டால் கட்டில் தெரியும் என்பதால் இவள் போடவே மாட்டாள். வாயும் திறக்க மாட்டாள். குறிப்புக்காரரும் அப்படியே.

அப்போதுதான் குழுவின் துணைத் தலைவர் பதவி காலியானது. இவளுடையது ஒப்பந்த வேலை, அந்தப் பதவியோ நிரந்தரம். குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு. இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் நான் ஊன்றுகோல் பிடித்தாவது நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காப்பீடு இல்லாமல் அது எங்களால் ஆகிற காரியமில்லை. மேலாளர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் முகமே காட்டாத ஒருத்தியைக் குழு எப்படி நம்பும் என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்கு முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“சொல்லிடட்டுமாங்க?”

“என்னத்த?”

“உங்களப் பத்தித்தான்.”

“சொல்லித் தொல,” என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை சொன்னாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்கே எல்லாம் புரிந்தது. பை, படுக்கைப்புண், அதன் நாற்றம் வரைக்கும் சொன்னாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இதயங்கள் மிதந்தன. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் கணவருக்கு நாங்கள் ஒரு வணக்கம் சொல்லலாமா என்றார். இவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, கேமராவைப் போட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கட்டம் கட்டமாகத் தலைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. நானும் கையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் குறிப்புக்காரரின் குறிப்பில் முதல் முறையாக மூன்றாவது வரி ஒன்று இருந்தது. படித்துக் காட்டினாள். இனி அவர்களிடம் எதுவும் சொல்லாதே, எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை கடிதம் வந்துவிட்டது. மனம் திறந்ததற்கு நன்றியாம். வீட்டில் இவ்வளவு சுமை இருப்பது தெரிந்த பிறகும் கூடுதல் பொறுப்பை ஏற்றுவது மனிதாபிமானம் ஆகாதாம். பதவி நாய்க்காரிக்குப் போனது. இவளுக்கு ‘இந்த மாதத்தின் திறந்த மனம்’ என்று மஞ்சள் நட்சத்திரம் போட்ட ஒரு பட்டயம். எழுந்து போய்த் திரையில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எழ முடிந்தால் இந்தக் கதையே இல்லையே.

அவள் அழவில்லை. தேய்த்து வைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துப்போட்டுத் தேய்த்தாள்.

நாய்க்காரி இரண்டே மாதத்தில் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிட்டாள். பதவி மறுபடி காலி. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் என் மனைவி இந்த முறை என்னைக் கேட்காமலே கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். தலை வாரிக்கொண்டாள். கேமராவைத் தானாகவே போட்டாள். கணவர் எப்படி இருக்கிறார் என்று மேலாளர் உருகினார்.

“நடக்க ஆரம்பிச்சிட்டாரு. இப்பக்கூட வெளியதான் போயிருக்காரு, கடைக்கு.”

இவ்வளவு சீக்கிரமாகவா என்று மேலாளரின் குரல் இழுத்தது. அப்போது நான் அதுவரை கேட்டிராத ஒரு கரகரத்த ஆண் குரல் வந்தது. ஓ, உங்கள் குரலை இப்போதுதான் கேட்கிறோம் என்று யாரோ வியந்து அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் அது குறிப்புக்காரர் என்று எனக்கு விளங்கியது.

“தெரியும். போன வாரமே எனக்கு எழுதியிருந்தாங்க,” என்றார் அவர்.

இவள் அவருக்கு அப்படி ஒரு வரியும் எழுதியதில்லை.

அது போதுமாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்படியென்றால் பதவியைப் பற்றி நாளைக்கே பேசலாம் என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைக்குப் போனவன் இரும முடியாது அல்லவா.