தையலம்மாள் பிடுங்கிய கற்கள்

பாகூர் ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. அங்கே வாய்க்காலை ஒட்டியிருந்த நிலத்தைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தையலம்மாள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டு வந்தாள். நிலம் புதுச்சேரியில் குடியிருந்த சிவப்பிரகாசத்துடையது. புருஷன் காமாலையில் போன பிறகும் அவர் நிலத்தை அவளிடமே விட்டுவைத்தார். வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம். அவளோ அவருக்கு நல்ல மனசு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்றில், அறுப்பு முடிந்த கையோடு ஒரு ஜீப் வந்தது. இங்கே புது நகர் வரப்போகிறது, மனை போட்டு விற்கப்போகிறோம் என்றார்கள். சிவப்பிரகாசம் முதல் ஆளாக அட்வான்ஸ் வாங்கிவிட்டார். வெள்ளையடித்த கற்களை அவள் அறுத்த தாளடிக்குள் வரிசையாக நட்டார்கள்.

எதிர்த்து முதலில் பேசியவர் நாகராஜன். பக்கத்து நிலத்தில் அவருக்குச் சொந்தக் கரும்பு இருந்தது. வாய்க்காலைத் தூர்த்தால் ஊரே காய்ந்து போகும், எவனும் ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கக் கூடாது என்று மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டிச் சொன்னார். ஒவ்வொருவராகச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சொந்த நிலம் இல்லாத தையலம்மாளும் போய் அணைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கடப்பாரையோடு வயலில் இறங்கினாள். கூட வருவதாகச் சொன்ன பெண்கள் வரப்போடு நின்றுவிட்டார்கள். அவள் ஒருத்தியாகவே கற்களைப் பிடுங்கி வாய்க்காலில் உருட்டினாள். போலீஸ் வந்து அவளை மட்டும் கூட்டிப்போய் சாயங்காலம் வரை உட்கார வைத்தது. நாகராஜன்தான் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார். வழியில் கடையில் நிறுத்தி சோடா வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எள் என்றால் அவள் எண்ணெயாக நின்றாள்.

மறுபடி கல் நட்டார்கள். மறுபடி பிடுங்கினாள். இந்தத் தடவை கேஸ் போட்டார்கள். பேசாமல் ஒதுங்கிக்கொண்டால் வேறு நிலம் பார்த்துத் தருகிறேன் என்று சிவப்பிரகாசம் ஆள் அனுப்பினார். ஊரே சத்தியம் பண்ணியிருக்கும்போது தான் மட்டும் ஒதுங்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

ஆடி மாதம் பாகூர்க் கடைத்தெருவில் ஹபீப் முகமது கடைக்குப் புண்ணாக்கு வாங்கப் போனாள். அவர் எடை போடுவதை நிறுத்திவிட்டு, "தையலம்மா, ஒங்க ஊர்க்காரங்க எல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிக்கிறாங்களே, நீ போகலியா?" என்று கேட்டார்.

பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். ஆபீஸ் வாசலில், மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாண்ணே இது? சூடத்த அணைச்சமே" என்றாள் நாகராஜனிடம்.

அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. "நகர் போடறவன் மொதல்ல அடிமாட்டு வெலைக்குக் கேட்டான், தையலு. நீ கல்லப் புடுங்கிப் போட்டதாலதான் நாங்க சொன்ன வெலைக்கு எறங்கி வந்தான். ஊரு ஒன்ன மறக்காது" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"எனக்கு நெலம்?"

"ஒனக்கு இன்னா, நீ வாரந்தான பாத்த?"

அந்த வருஷமே வாய்க்காலைத் தூர்த்தார்கள். அவள் மேலிருந்த கேஸ் மட்டும் முடியவில்லை. வாய்தாவுக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்வந்தாள். மற்ற நாட்களில் கடலூர்ப் பக்கம் களையெடுக்கப் போனாள். வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று மனைகளை அப்படியே போட்டுவைத்ததால் ஒரு வீடும் எழும்பவில்லை. நெல் விளைந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டியது. தீபாவளிக்கு நாகராஜன் வீட்டிலிருந்து புடவை வந்தது. அவள் வாங்கி உடுத்திக்கொண்டாள்.

நாலைந்து வருஷம் கழித்து அடுத்த ஊரிலும் கல் நட்டார்கள். அங்கிருந்து சில பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். எல்லோரும் அவளைப்போலவே வாரத்துக்குப் பயிரிடுகிறவர்கள். நீ வந்து முன்னால் நின்றால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

தையலம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னா வெலைக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போனார்கள். அந்த ஊரில் கல்லைப் பிடுங்க யாரும் போகவில்லை.