நீர்மாலைக் குடம்

தொற்றுக்காலத்தில் அயல்நாட்டிலிருந்து திரும்பியோரைச் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனிமைப்படுத்தினர். மகள் வீட்டிலிருந்து திரும்பிய நானும் அங்கிருந்தேன். அவரை அங்கேதான் கண்டேன். வளைகுடா நாட்டில் கொத்தனார், நெடிய உருவம். பேசும்போதெல்லாம் முகக்கவசத்தை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டே இருப்பார்.

"அங்கன ரூமை விட்டு வந்தா அபராதம். ஏர்போர்ட்ல நேரா வீட்டுக்குப் போன்னான். இங்கன வீட்டுக்கே போகக் கூடாதுங்கான். எவன் சொல்றதத்தான் கேக்க, அண்ணாச்சி?" என்று சிரிப்பார்.

பனவடலிசத்திரத்தில் அவர் தந்தை இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. தொற்றில்லை என்ற சோதனை முடிவு கையிலிருந்தும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. இறந்தவரை நீராட்ட மகன், வழியில் எங்கும் இறக்கி வைக்காமல், நீர் சுமந்து வருவதை நீர்மாலை என்பர். அவர் பள்ளிக் குழாயில் குடத்தை நிறைத்துத் தோளிலேற்றி, வாயிற்காவலரிடம் சென்றார்.

"என்னைய விடாண்டாம் சார். இந்தத் தண்ணிய மட்டும் விடுங்க. தம்பி வெளிய நிக்கான்."

"உள்ள உள்ளது வெளிய போகக் கூடாது வே."

"சாப்பிட்ட பாத்திரம் போகுதே?"

"அதுக்கு ஆர்டர் இருக்கு."

நெடுநேரம் காத்திருந்த தம்பி வெறுங்கையோடு புறப்பட்டான். அவர் குடத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"இத நான் எங்கன இறக்கி வைக்க, அண்ணாச்சி?"