ஒரு கால்விரலுக்குச் சாட்சி

செர்வா நியார்கோவின் ஊழியத்தில் பதினாறு மாதம் கழிந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம்தான். குமாசியில் வீட்டார் அவளைச் செர்வா என்று கூப்பிடுவார்கள். கானாவின் கடற்கரை ஊரான மூரியில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் உள்ளதுதான் அவள் பெயர்: சிஸ்டர் நியார்கோ.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். முழங்காலில் நின்று ஜெபம், அரை மணி நேரம் கயிறு தாண்டுதல், குளியல், அப்புறம் வேதப் படிப்பு. அன்றைக்கு யார் யாரைப் பார்ப்பது என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் வாசல் தாண்டலாம். தனியாகத் தாண்டக் கூடாது. மோர்மன் ஊழியக்காரிகள் எப்போதும் இரண்டு பேர். ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக் கூடாது. செர்வாவின் துணை, லைபீரியாவிலிருந்து வந்த சிஸ்டர் ஃப்ளோமோ.

"புருஷன் பெஞ்சாதிகூட இப்படி ஒட்டிக்கிட்டு அலைய மாட்டாங்க. நீ தும்மினா நான் மூக்கைத் துடைச்சுக்கிறேன்" என்பாள் ஃப்ளோமோ.

ஃப்ளோமோவுக்கு வாய் அதிகம், ஆனால் ஊர் மொழி தெரியாது. செர்வாவுக்கு மொழி தெரியும், வாய் வராது. அவளுடைய குமாசிப் பக்கத்து அசாந்தே உச்சரிப்பைக் கேட்டுக் கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். படகடியில் வலை தைக்கும் ஒருவன் தினமும் ஒரே பேச்சைத்தான் பேசுவான்.

"சிஸ்டர், என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லு, நாளைக்கே உங்க சபையில சேந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வாங்கண்ணே. வலையை வீட்ல வெச்சிட்டு வாங்க" என்று சொல்ல அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. அதற்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவாள்.

கதவைத் தட்டப் பயந்த காலம் போய்விட்டது. பயமாக இருந்தால் பயத்தோடேயே தட்டு என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு அதை வென்றாள். ஆனால் வேறொரு குணம் அவளை விடவில்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது. எதைச் சொன்னால் அந்த முகம் மலருமோ அதைச் சொல்லிவிடுவாள். உண்மை அதில் கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்திருக்கும். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆன்ட்டி மான்சாவிடம் நடந்ததும் அதுதான்.

மான்சா மீனைப் புகையில் வாட்டுகிறவள். வீட்டு முற்றத்தில் இரண்டு மண் அடுப்புகள். முதல் நாள் இவர்கள் வாசலில் நின்றபோது முக்காலி போட்டு உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, வந்த சேதி என்ன?" என்றாள். செர்வா மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஆன்ட்டி, அந்தத் தட்டுல மீன் கருகுது" என்றாள்.

"நல்ல சேதிதான்" என்று சிரித்துக்கொண்டே மான்சா எழுந்து ஓடினாள். இருவரும் கூடவே ஓடி மீனைத் திருப்பிப் போட்டார்கள். அப்படித் தொடங்கிய பழக்கம் ஐந்து மாதம் நீண்டது. வாரத்துக்கு இரண்டு நாள் அடுப்பருகில் பாடம். கண்ணில் புகை, மடியில் வேதப் புத்தகம், முடிந்ததும் இலையில் கட்டி அவித்த சோளமாவுக் கெங்கியும் மிளகாய்த் துவையலும்.

மான்சா எல்லாவற்றையும் கேட்டாள், நம்பினாள். சபை விதிப்படி காலை டீயை விட வேண்டும் என்றபோது ஒரு வாரம் தலைவலியோடு கிடந்து விட்டுவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனின் படகு கரையிலிருந்து பார்க்கிற தூரத்திலேயே கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள், அவன் வரவில்லை. அதற்குப் பிறகு மான்சா ஈர மணலில் கால் வைத்ததில்லை. குளிக்கும்போது கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள், முகத்தை ஈரத்துணியால் துடைப்பாள்.

"டீ போயிடுச்சு, கோபமும் பாதி போயிடுச்சு. தலை மட்டும் தண்ணிக்குள்ள போக மாட்டேங்குது" என்றாள். குறித்த நாள் இரண்டு முறை தவறிப்போனது. மூன்றாம் முறை அவளே கேட்டாள்.

"எத்தனை தடவை முக்குவாங்க?"

"ஒரே தடவைதான் ஆன்ட்டி."

"நிச்சயமா? ஒண்ணுன்னா ஒண்ணுதானே?"

ஒரு தடவையில் சரியாக அமையாவிட்டால் மறுபடி செய்வார்கள் என்பது செர்வாவுக்குத் தெரியும். மான்சாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நிச்சயமா. ஒண்ணுதான்."

குறித்த சனிக்கிழமை பார்த்து ஊரில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடந்தது. தச்சர் பிரதர் ஐடூ உட்பட ஆறு பேர் விடியற்காலையிலிருந்து தெருமுனைக் கிணற்றில் இறைத்துச் சுமந்தார்கள். தொட்டிச் சுவரில் நீலக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தொட வேண்டும். பதினொரு மணிக்கு நாலு விரற்கடை குறைவாக இருந்தது. எல்லோருக்கும் கழுத்து வலி, ஒருவர் வராந்தாவில் படுத்தேவிட்டார். ஏற்பாடு செர்வாவுடையது என்பதால் அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"போதும். ஆன்ட்டி குள்ளம்தானே" என்றாள் செர்வா.

எல்லோரும் சந்தோஷமாக வெறும் வாளிகளைக் கவிழ்த்துவைத்தார்கள்.

மதியம் மான்சா வெள்ளை அங்கியில் வந்தாள். கூடவே புருஷனின் அக்கா எஃபுவாவும் வந்து, அழைக்காமலேயே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "என் தம்பியைக் கடல் எடுத்துச்சு. இவளை எந்தத் தொட்டி எடுக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னாள்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு முடியோ உடுப்பின் ஓரமோ மேலே நின்றாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் சாட்சிகளின் வேலை. தொட்டியின் வலப்பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர் பிரதர் குவைனூ நின்றார். இடப்பக்கம் செர்வா.

ஞானஸ்நானம் கொடுக்கும் ஐடூ தண்ணீரில் நின்று வலது கையை உயர்த்தி ஜெபத்தைச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. மான்சாவின் முதுகில் கைகொடுத்துப் பின்னால் சாய்த்தார். பயத்தில் அவள் முழங்கால் மடங்கவில்லை. தலை தாழத் தாழக் கால்கள் மிதந்தன. முகம் மறைந்த நொடியில் இடது கால் பெருவிரல் மேலே வந்தது. நகத்தில் அடுப்புப் புகையின் பழுப்பு. கண் இமைப்பதற்குள் அது மறைந்தும் போயிற்று.

மான்சா மூச்சு திணறி எழுந்து ஐடூவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பின் வரிசையில் பாட்டுத் தொடங்கிவிட்டது. ஐடூ குவைனூவைப் பார்த்தார். மான்சாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவர் தலையாட்டினார். ஐடூ செர்வாவைப் பார்த்தார்.

ஆமென்று தலையை ஒரு விரற்கடை அசைத்தால் போதும். அந்த விரலை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் அவள் குமாசிக்குப் போய்விடுவாள். மான்சாவின் ஈர முகம் அவளையே பார்த்துச் சிரிக்க முயன்றது. எத்தனையோ முகங்களுக்காக எத்தனையோ தடவை ஆட்டிய தலைதான்.

செர்வா இல்லை என்று தலையை அசைத்தாள்.

பாட்டு நின்றது.

"என்ன? முடிஞ்சுதா?" என்றாள் மான்சா.

"இல்ல ஆன்ட்டி. கால்விரல் மேல வந்துடுச்சு. திரும்பப் பண்ணணும்."

"ஒரே தடவைன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"நிச்சயமான்னு கேட்டேன். நிச்சயமான்னு சொன்னே!"

முதல் வரிசையிலிருந்து எஃபுவா கைதட்டிச் சிரித்தாள். "கேட்டுக்கோங்க! கடவுள் இந்த அம்மாளோட கால்விரலை எண்ணிக்கிட்டு இருக்காராம்!"

மான்சா ஐடூவின் கையை உதறிவிட்டுப் படியேறிப் பெண்கள் அறைக்குள் போய்விட்டாள். செர்வாவும் ஃப்ளோமோவும் பின்னால் போனார்கள். பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு மான்சா உட்கார்ந்திருந்தாள். பற்கள் தந்தியடித்தன.

"யாரும் பாக்கலியே, அந்தப் பெரியவரே தலையாட்டிட்டாரு. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"ஆன்ட்டி, ஒரே தடவைன்னு சொன்னது தப்பு. சரியா அமையலைன்னா மறுபடி பண்ணுவாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க வராம போயிடுவீங்களோன்னு சொல்லிட்டேன். காலையில தண்ணி கோட்டைத் தொடலை. எல்லாரும் களைச்சிருந்தாங்க, போதும்னு நான்தான் சொன்னேன். விரல் மேல வந்தது உங்க தப்பு இல்ல. என் தப்பு."

மான்சா துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இப்பவும் தலையாட்டிடலாம்னுதான் தோணுச்சு. ஆட்டியிருந்தா நீங்க காலம்பூரா முடிஞ்சிடுச்சுன்னு நம்பிக்கிட்டு இருப்பீங்க. இல்லைங்கிறது எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

"போ" என்றாள் மான்சா. "என் முகத்துக்கு முன்னால நிக்காதே."

பழைய செர்வாவாக இருந்தால் அந்த முகத்தை மலரவைக்க ஏதாவது சொல்லியிருப்பாள். இப்போது ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளி ஒன்றை நிமிர்த்தினாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் ஃப்ளோமோ.

"கிணத்துக்கு. நாலு விரற்கடை பாக்கி இருக்கு."

"அவங்க திரும்ப இறங்கலைன்னா?"

"இறங்கலைன்னாலும் அது நான் பாதியில விட்ட வேலை."

ஃப்ளோமோ பெருமூச்சு விட்டு இன்னொரு வாளியை எடுத்தாள். "நீ போனா நானும் வந்தாகணும். இந்தச் சட்டத்தை எழுதினவருக்குத் தண்ணி சுமந்து பழக்கம் இல்ல போல."

சபைக்கு உடுத்தும் பாவாடையோடு இருவரும் சுமந்தார்கள். கிணற்றடிக்கும் தொட்டிக்கும் நூற்றிருபது அடி. மூன்றாவது நடையில் ஐடூ ஈர வெள்ளை உடையோடு சேர்ந்துகொண்டார். ஐந்தாவது நடையில் வாசலில் நின்றிருந்த எஃபுவா பொறுக்க முடியாமல் கத்தினாள்.

"ஏய் குமாசிப் பொண்ணே, வாளி தலையில இருக்கா, தலை வாளியில இருக்கா? பாதி தண்ணி தெருவுக்குத்தான் ஞானஸ்நானம் பண்ணுது! கழுத்தை நேரா வை!"

செர்வா கழுத்தை நேராக வைத்தாள். அதற்குப் பிறகு சிந்தவில்லை.

பெண்கள் அறைச் சுவருக்கு மறுபக்கம்தான் தொட்டி. ஒவ்வொரு வாளி கவிழும்போதும் அந்தச் சத்தம் உள்ளே கேட்கும். பதினெட்டாவது வாளியில் தண்ணீர் நீலக் கோட்டைத் தொட்டது. செர்வா குனிந்து, கையை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அறை வாசலில் மான்சா நின்றிருந்தாள்.

"நிறைஞ்சுதா?"

"கோடு வரைக்கும் நிறைஞ்சிடுச்சு ஆன்ட்டி."

"இன்னும் ரெண்டு ஊத்து." துண்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டாள். "அரைகுறை வேலைக்கு நான் இறங்க மாட்டேன். இன்னொண்ணு கேக்கணும். இந்தத் தடவையும் சரியா வரலைன்னா?"

செர்வா அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "மறுபடி பண்ணணும் ஆன்ட்டி. சரியா வர்ற வரைக்கும்."

"இப்பத்தான் நீ வந்த சேதியைச் சொல்றே" என்றாள் மான்சா. பிறகு ஐடூவிடம் திரும்பினாள். "கால் ஏன் மிதக்குது?"

"விறைப்பா வெச்சிருக்கீங்க. முழங்காலை மடக்கி, என் கை மேல உக்கார்ற மாதிரி சாயுங்க."

மேலும் இரண்டு வாளி ஊற்றியதும் மான்சா படியில் கால் வைத்தாள். முதல் படியில் நின்றாள். புருஷன் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொன்னது செர்வாவுக்குக் கேட்டது. பிறகு இரண்டாவது படி, மூன்றாவது.

ஐடூ கையை உயர்த்தினார். ஜெபம் முதலிலிருந்து. செர்வா தொட்டியின் ஓரத்தில் முழங்காலிட்டுக் குனிந்துகொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கடியில் வெள்ளை அங்கியின் ஓரம், முழங்கால்கள், பாதங்கள், பத்து விரல்கள். முழங்கால் மடங்கியது. தலை போனது. பழுப்பு நகம் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் மூடிக்கொண்டது.

மான்சா எழுந்து கண்ணை வழித்துக்கொண்டாள். குவைனூ தலையாட்டினார். இந்த முறை யாரும் பாட்டைத் தொடங்கவில்லை. ஐடூவையோ குவைனூவையோ மான்சா பார்க்கவில்லை; இடப்பக்கம் திரும்பினாள்.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி."

"நல்லாப் பாத்தியா?" என்று எஃபுவா பின்னாலிருந்து கேட்டாள்.

"அவ பாத்திருப்பா" என்றாள் மான்சா.