பெர்ட் சக்டனின் மிட்டாய் டப்பா

பெர்ட் சக்டன் யாரையும் நம்பமாட்டார். காலையில் பால் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறவனைக்கூட ஜன்னல் திரையை விலக்கி வேவு பார்ப்பார். எழுபத்தெட்டு வயதில் வேலைவெட்டி இல்லாமல் தனியாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று ஹெப்பிள்டனில் பேசிக்கொள்வார்கள். ஊருக்கு என்ன தெரியும்? அந்தச் சந்தேகம் வயதாகி வந்ததல்ல. கல்லறைத் தோட்டத்தில் பிணம் எரிக்கிற உலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே, இருபத்துநாலு வயதில், அது அவரைப் பிடித்துக்கொண்டது.

தோட்டத்து நடுவில் சிற்றாலயம். அதன் முதுகில் ஒட்டினாற்போல் உலையறை. மேலே மணியில்லாத ஒரு மணிக்கூண்டு, அதற்குள் புகைபோக்கி. உள்ளே பிணம் எரிவது ஊருக்குத் தெரியக்கூடாதாம், கட்டியவர்களின் நாசூக்கு அப்படி. ஊருக்கெல்லாம் தெரியும். மேற்குக் காற்று அடிக்கிற நாளில் அந்தத் தெருவில் ஒருத்தி துணி காயப்போட மாட்டாள். பெர்ட் மதுக்கடைக்குள் நுழைந்தால், "இன்னிக்கு எத்தனை பேரை வறுத்தே?" என்று எவனாவது கேட்பான். "உனக்கும் ஒரு நாள் குறிச்சு வெச்சிருக்கேன், கவலைப்படாதே," என்பார். இருபத்தெட்டு வருஷம் இப்படியே போனது. தொண்ணூற்றுநாலில் புகைச் சட்டம் வந்து உலையை அணைத்தார்கள். பெர்ட் வீட்டுக்குப் போனார். சாவி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது, கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

வேலையில் மனிதர் சுத்தம். ஒவ்வொரு சவப்பெட்டியோடும் ஒரு பெயர் அட்டை வரும். பெட்டி உலைக்குள் போனதும் அட்டை உலைக் கதவில் ஏறும். சாம்பல் வெளியே வந்ததும் அதனோடு போகும். ஒருவர் சாம்பல் இன்னொருவர் வீட்டுக்குப் போனதாக ஒரு புகார் கிடையாது. அதைச் சொல்லும்போது பெர்ட்டின் நெஞ்சு நிமிரும்.

ஆனால் அந்தக் குழந்தைகள் விஷயம் வேறு. இறந்தே பிறந்த சிசுக்களைச் சின்னப் பெட்டியில் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து இறக்குவார்கள். மேலாளர் கிராப்ட்ரீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "குழந்தைக்குச் சாம்பல் கிடையாது. யார் வந்து கேட்டாலும் அதான் பதில். அட்டையையும் உள்ளேயே போட்டுடு." கொடுத்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள், அழுவார்கள், அது அவருக்குத் தொந்தரவு. பெர்ட் சரி என்று தலையாட்டினார். ஆனால் சாயங்காலம் உலை அடங்கிவரும் நேரம் பார்த்து, கடைசியாக, ஒரு தகரத் தட்டில் வைத்துத்தான் அந்தப் பெட்டிகளை உள்ளே அனுப்பினார். மெல்லிய சூட்டில் காலைக்குள் கொஞ்சம் மிஞ்சும். அதை எடுத்துப்போய் பின்புறத்தில் முள்ளிலையோடு நின்ற ஹோலி மரத்தடியில் புதைத்தார். அட்டைகளை எரிக்கக் கை வரவில்லை. மிட்டாய் டப்பாவில் போட்டு, சிற்றாலயத்தில் பெட்டி வைக்கிற மேடைக்கு அடியில் ஒளித்தார். நாற்பத்தோரு அட்டை. தேடி வந்த தாய்மார்களிடம் மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றே சொன்னார், கிராப்ட்ரீ செத்துப்போன பிறகும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அன்று பிடித்த பயம்தான் பால்காரன் வரைக்கும் நீண்டது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை சிற்றாலயத்தைத் திறந்துவைத்து ஊர்க்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். பவுலின் என்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை வாசலில் மேஜை போட்டுத் தேநீரும் இஞ்சி கேக்கும் விற்பாள். பெர்ட் உலையைக் காட்டுவார். எவனாவது மேடைப் பக்கம் குனிந்தால் போதும், "அங்கே ஒண்ணுமில்லை, இப்படி வாங்க," என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஏப்ரல் மாதம் ஐரிஸ் பின்ஸ் வந்தார். எழுபது தாண்டிய பெண், நீல மழைக்கோட்டு. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கவில்லை. கேக் வாங்கவில்லை. நேரே உலையறைக்குப் போய், பின்வாசலைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். எலி அம்மணமாக ஓடினால் சும்மாவா ஓடும்? பெர்ட் அன்றே குறித்து வைத்துக்கொண்டார்.

மே மாதம் மறுபடி வந்தார். பின்வாசலிலிருந்து அடி எண்ணி நடந்து, ஹோலி மரம் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஈயத் திருடி," என்றார் பெர்ட், பவுலினிடம். "கூரையில மிச்சமிருக்கிற ஈயத் தகட்டை அளவெடுக்குறா. போன வருஷம் பாதி திருட்டுப் போச்சுல்ல? பையன்களை ராத்திரி லாரியோட அனுப்புவா."

"அந்தம்மாவுக்கு முழங்கால்ல வலி, பெர்ட். படி ஏறவே கைத்தடி கேக்குறாங்க."

"அதான் பையன்களை அனுப்புவான்னேன். காரு நம்பரைக் குறிச்சியா?"

"பஸ்ல வர்றாங்க."

"பாத்தியா, எவ்வளவு உஷார்னு."

பவுலின் சிரித்தாள். பெர்ட் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையே பின்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார்.

ஜூனில் ஐரிஸ் உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். பெர்ட் ஜன்னல் கண்ணாடி துடைக்கிற சாக்கில் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வருஷம் எழுதி வட்டம் போட்டிருந்தது. 1969. இது ஈயம் தேடி வந்த ஆள் இல்லை, வக்கீலோ பத்திரிகையோ அனுப்பிய ஆள். டப்பா வெளியே வந்தால் ஊர் தன்னை என்ன பேசும் என்று நினைத்து ஒரு மாதம் தூங்கவில்லை. கடைசியில் முடிவு செய்தார்: அடுத்த முறை கதவு திறப்பதற்கு முன்னால் அதை வீட்டுக் கணப்பில் போட்டு எரித்துவிட வேண்டும்.

எரிக்கத்தான் போனார். ஆனால் ஜூலை முதல் சனிக்கிழமை காலை, மேடைக்கு அடியில் தோள்வரை கையை விட்டு டப்பாவை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பவுலின் உள்ளே விட்டிருக்கிறாள்.

"என்ன தேடறீங்க?" என்றார் ஐரிஸ்.

"ஒண்ணுமில்லை, கண்ணு. எலித்தொல்லை. மருந்து வைக்கிறேன்."

"அன்னிக்கும் கண்ணுன்னுதான் கூப்பிட்டீங்க."

பெர்ட் முழங்காலிலேயே திரும்பினார். "என்னிக்கு?"

"அறுபத்தொம்பது நவம்பர். எனக்குப் பத்தொம்பது வயசு. பின்வாசல்ல வந்து நின்னேன். என் பையனோட சாம்பல் கிடைக்குமான்னு கேட்டேன். நீங்க ரொட்டி தின்னுட்டிருந்தீங்க. 'ஒண்ணும் மிஞ்சலை, கண்ணு, பிஞ்சு எலும்பு, காத்தோட போயிடும்'னீங்க. வாயில இருந்த ரொட்டியைக்கூட முழுங்கலை."

பெர்ட்டுக்கு முகம் நினைவில்லை. எத்தனை முகம். ரொட்டி மட்டும் நினைவுக்கு வந்தது, அவமானம் பிடுங்கித் தின்றது.

"பேப்பர்ல வேறொரு ஊர் கதை வந்துச்சு," என்றார் ஐரிஸ். "குழந்தைக்கும் சாம்பல் மிஞ்சுமாமே. அதுலேர்ந்துதான் வர்றேன், எங்கே புதைச்சிருப்பீங்கன்னு தேடிக்கிட்டு. மூணு மாசமா உங்களைப் பாக்குறேன். அந்த ஆள் யாரையும் நம்பமாட்டார்னு பவுலின் சொன்னாங்க. பொய் சொன்னவனாலதான் அடுத்தவனை நம்ப முடியாது, மிஸ்டர் சக்டன்."

"கிராப்ட்ரீ அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

"செத்தவர் தலையில போடாதீங்க. சொன்னது உங்க வாய்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "மிஞ்சுச்சு," என்றார். "ஒரு தேக்கரண்டி இருக்கும். ஹோலி மரத்தடியில இருக்கு. நான்தான் வெச்சேன்."

ஐரிஸ் அழுவார் என்று பார்த்தார். அழவில்லை. "அன்னிக்கும் நீங்க சொன்னதை நம்பினேன். இன்னிக்கு எதுக்கு நம்பணும்?"

நியாயமான கேள்வி. பதில் பெர்ட்டின் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. மூடியைத் திறந்தார். அட்டைகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. மனிதர் சுத்தம் என்றேனே. அறுபத்தொன்பதில் மூன்று. நவம்பர் போட்டிருந்த நடு அட்டையை எடுத்து நீட்டினார்.

"கண்ணாடி கொண்டுவரலை. நீங்களே படிங்க. மாத்திப் படிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்," என்றார் ஐரிஸ்.

"ஐரிஸ் பின்ஸுக்கு இறந்து பிறந்த சிசு," என்று படித்தார் பெர்ட். "நவம்பர் பதினாலு. பெண்."

"மறுபடி படிங்க."

"நவம்பர் பதினாலு. பெண்."

ஐரிஸ் பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில அவங்க காட்டவே இல்லை," என்றார். "துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கேட்டேன். மறந்துடும்மான்னாங்க. பையன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அம்பத்திரண்டு வருஷமா ஏட்ரியன், ஏட்ரியன்னு பேசிட்டிருக்கேன். அவ எப்படித் திரும்பிப் பாப்பா?"

பெர்ட் அட்டையை அவர் கையில் கொடுத்தார். அட்டை வெறும் எழுத்து என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அதில் தாய்க்கே தெரியாத ஒன்று இருக்கும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

உலையறை வழியாக ஐரிஸைக் கூட்டிக்கொண்டு போனார். பின்வாசலில் அவருக்குப் பயந்து போட்ட புதுப் பூட்டு. அதைத் திறந்துவிட்டார். ஐரிஸ் மரத்தடிக்குப் போய் நின்றார். பழக்கத்தில் "ஏட்" என்று வந்ததை நிறுத்திக்கொண்டார்.

"எந்த இடம்னு காட்டுங்க."

பெர்ட் காட்டினார்.

"சரி. நீங்க உள்ளே போங்க, மிஸ்டர் சக்டன். இனிமே அவளுக்குப் பேர் யோசிக்கணும். எங்களைக் கொஞ்ச நேரம் விடுங்க."

மன்னிக்கவில்லை. பெர்ட்டும் கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். பவுலின் கேக் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பார்க்க, கேக் தட்டை ஒதுக்கிவிட்டு டப்பாவை மேஜை நடுவில் வைத்துத் திறந்தார்.

"என்ன இது, பெர்ட்?"

"குழந்தைங்க," என்றார். "இன்னும் நாப்பது பேர் இருக்காங்க. பேப்பர்ல போடு, பவுலின். என் பேரையும் சேத்துப் போடு. அம்மாமாரைக் கூப்பிடு."